சரக்கின் நிலை

புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி,
ஆரியங்காவு சோதனைச்சாவடியில் வண்டி நின்றபோது
மணி இரண்டே கால்.
முன்னால் வைக்கோல் லாரி. அதற்கு முன்னால்
சிமெண்டு, சிமெண்டு, சிமெண்டு.
எதிர்ப்பக்கம் மீன் வண்டிகள்
சொட்டிக்கொண்டே தமிழ்நாட்டுக்குள் இறங்கின.

என் வண்டியில் எட்டு பாக்ஸ், நாலு குழாய்,
சீரியல் செட்டு, சுருட்டிய ஒயர்,
ரசீது இல்லாத ஒரு டெக்.
கொச்சியில் கப்பல் சாமான் விற்கிற கடையில்
எடைக்கு வாங்கியது.
(ரெஜினா சவுண்ட் சர்வீஸ், இலஞ்சி.
ஓனர் எங்கே என்று கேட்பவர்களுக்கு:
நான்தான்.)

டெக்கின் வயிற்றில் ஒரு தட்டு சிக்கியிருந்தது.
பேச்சிமுத்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தான்.
அதன் மேல் இருந்தது எழுத்தா,
கூரை போட்ட சின்னச் சின்ன வீடுகளா, தெரியவில்லை.
"ஜப்பான்காரன் பாட்டுக்கா. போடுங்க,
தூக்கமாவது கலையும்."

போட்டேன்.

முதலில் இரைச்சல் மட்டும்.
பிறகு ஒரு கம்பி வாத்தியம்,
பலகையில் ஆணி இறங்குவதுபோல்
சுருக் சுருக்கென்று.
மூன்றே கம்பிதான் இருக்கும், எண்ணிவிடலாம்.
எவனோ ஒருத்தன் அடிவயிற்றிலிருந்து
"யோ" என்றான்.
உடனே கிட்டார் வந்தது பாருங்கள்,
மலைச்சாலையில் பிரேக் விட்ட டாரஸ்.
பின்னாலேயே டிரம்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரு பெரிய தோல்,
கிணற்றில் பூசணிக்காய் விழுந்ததுபோல்,
தும்.

வைக்கோல் லாரி கிளீனர் எட்டிப் பார்த்தான்.
பின்னால் டெம்போவில் கடையநல்லூர் நையாண்டிக் குழு,
என்னைப் போலவே குளத்துப்புழை விஷுத் திருவிழாவுக்கு.
அதற்கும் பின்னால் ஜீப்பில்
தென்காசிக் கல்யாணத்தில் அடித்துவிட்டு
வீடு திரும்பும் புனலூர்ச் செண்டைக்காரர்கள்.
எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

கோமதிநாயகம் சொன்னார்:
"இது நம்ம உருமிதான் வே.
அந்த இழுப்பைக் கேளும்."
அனிருத்தன் விடவில்லை:
"அல்ல அண்ணா. செண்டையோட வலந்தலை."
"அவன் ஊர்த் தோலை அவன் அடிக்கிறான்,
உங்களுக்கு எதுக்கு அதில் பங்கு" என்றேன்.
சிரித்தார்கள். விரல்கள் மட்டும் நிற்கவில்லை,
ஒருவருக்கு டெம்போ கதவில்,
இன்னொருவருக்கு ஜீப் பானெட்டில்.

சேர்ந்தார்களா என்றால், இல்லை. அதையும் சொல்லவேண்டும்.
ஏழில் போன பாட்டு திடீரென்று ஐந்தாகிவிட்டது,
இரண்டு வித்வான்களும் ஒரே இடத்தில்
இடறி விழுந்தார்கள்.
அந்த ஒரு இடத்தில்தான் ஒற்றுமை.

டார்ச்சும் பதிவேடுமாக வேணுதரன் சார் வந்தார்.
"எந்தா இது?"
பாட்டு சார்.
"பாட்டு மனசிலாயி. சாதனம் எந்தா?"
டெக். உள்ளே ஒரு தட்டு.
"பில்லு?"
நான் சீரியல் செட்டைப் பார்த்தேன்.

பதிவேட்டில் கட்டம் கட்டமாகக் கேள்விகள்.
கடைசிக் கட்டம், சரக்கின் நிலை:
புதியதா, பழையதா.
டெக் பழையது, சந்தேகமில்லை.
தட்டுக்கு அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் கேட்டார்.
மூன்று கம்பி மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தது.
பழையது என்று எழுதினார்.
கிட்டார் ஒரு கத்து கத்தியது.
அடித்துவிட்டுப் புதியது என்றார்.
அந்த ஆள் மறுபடி "யோ" என்றான்,
நூறு வருஷத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.
அதையும் அடித்தார்.

"ரெண்டும்னு போடும் சார்."
"ரெண்டினு கட்டம் இல்லல்லோ."

தும், என்றது தோல்.
பூச்சிகள் மொய்த்த டியூப்லைட்டின் கீழே
நெடுநேரம் நின்று ஏதோ எழுதி,
நூற்றெழுபத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு
கம்பத்தைத் தூக்கச் சொன்னார்.
ரசீதை வண்டி வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டினேன்.
நிலை என்ற இடத்தில்
பாடுந்நுண்டு, என்றிருந்தது.

கழுதுருட்டி இறக்கத்தில் தட்டு மறுபடி சிக்கியது.
இந்தத் தடவை நெம்பியும் வரவில்லை.

விடிந்து, குளத்துப்புழையில் குழாய் கட்டி முடித்து,
ஒன் டூ த்ரீ சொல்லவேண்டிய இடத்தில்
பேச்சிமுத்து மைக்கைப் பிடித்து
"யோ" என்றான்.
ஆற்று மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தவர்கள்
திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்தேன்.