இடது காது

ஐஸ் கம்பெனி மூடி இன்றோடு முப்பத்திரண்டு நாள்.
விசைப்படகுகள் கரையேறி
வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன.
மீனுக்குப் பேறுகாலம் என்றால்
பாசிக்கும் அதுதானே என்று
நாங்களாகவே பேசி முடிவெடுத்து
நாற்பத்தைந்து நாள் கடலில் கைவைப்பதில்லை.
விரலில் சுற்றும் துணிகள்
கொடியிலேயே காய்ந்து விறைத்துவிட்டன.

ஞாயிறு, மூன்று மணி, கத்திரி வெயில்.
சின்னப்பாலத்துப் பெண்கள் பதினொரு பேர்
ஐஸ்பாளம் சறுக்கிவிடும் சிமெண்டுத் தரையில்
மல்லாந்து படுத்திருக்கிறோம்.
நம்புத்தாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"யாராச்சும் எட்டிப் பாத்தா
வள்ளம் கவுந்துருச்சுன்னு நெனப்பாக."
எல்லோரும் சிரித்தோம்.
அப்புறம் சிரிக்கவில்லை.

வினிதா குழந்தைத் துண்டிலிருந்து
கிண்ணங்களைப் பிரித்தாள். வெண்கலம். ஏழு.
ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுப்பவள்.
என் மூன்றாவதை முதலில் பார்த்தவள் அவள்தான்.
"உள்ளே ஒரு சத்தத்தை அனுப்புவோம்.
காதுக்குக் கேக்காது.
திரும்பி வரும்போது படமா வரும்.
இன்னைக்குக் கேக்குற சத்தம் கொண்டுவந்திருக்கேன்.
படம் உங்க பாடு."

முதல் கிண்ணம்.
தரை அதைக் குடித்து
முதுகுக்குக் கொடுத்தது.

எனக்கு இடது காது கேட்காது.
பதினாறு வயதில், குருசடைப் பக்கம்
கட்டக்கோரை அரிக்க முங்கியபோது
உள்ளே சோழி உடைந்தது போல ஒரு நொறுக்கு.
அன்றோடு அந்தப் பக்கம் உலகம் முடிந்தது.
சௌகரியமும் உண்டு.
வலது காதைத் தலையணையில் வைத்தால்
கடனும் இல்லை, கடன்காரனும் இல்லை.

நாலாவது கிண்ணம் பெரியது.
அது கேட்கவில்லை,
வந்தது.
கடைவாய்ப் பல்லில் ஏறி
தாடையெலும்பு வழியாக
ஓதம் ஏறுவது போல
மணலின் ஒவ்வொரு குழியாக நிரப்பிக்கொண்டு
இடது பக்கம் வரை வந்து
நின்றது. திரும்பிப் போகவில்லை.
இருபத்தெட்டு வருஷம் ஆளில்லாத இடத்தில்
அதற்கு என்ன வேலையோ.

கண்ணில் தண்ணீர்.
நாங்கள் உப்புத்தண்ணீரைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு பெயிண்ட்.
படகுக்கு அடித்து மிஞ்சிய டப்பாக்கள்,
முடி கொட்டிய பிரஷ்கள்,
தின்னர் நாற்றத்தில் தலை கிறுகிறுத்தது.
செங்கோல்மேரி வாசல் இல்லாத வீடு ஒன்று போட்டாள்.
வாசல் எங்கே என்றால்
"அதான் நிம்மதி" என்றாள்.
ராக்கு கேட்ட சத்தத்துக்கெல்லாம் புள்ளி வைத்தாள்,
நடுவில் லாரி ஹாரன் அடித்ததற்கும்.
பாண்டிச்செல்வி தன் கைக்கே நீலம் பூசிக்கொண்டு
யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கிடைத்தது செங்காவி.
படகின் அடிவயிற்றுக்கு மட்டும் அடிப்பது.
ஆண்களுக்குப் படகு மேலிருந்துதான் தெரியும்.
முங்குகிறவளுக்குத் தெரியும்
அது தலைக்கு மேலே மிதக்கும்
ஒற்றை இலை,
சுற்றிலும் உடைந்து உடைந்து சேரும் வெளிச்சம்.
அந்த இலையைப் போட்டேன்,
தெர்மோகோல் பெட்டியின் மூடியில்.

போட்ட கோடு கண்முன்னே கரைந்தது.
தின்னர் மூடியை அரித்துத் தின்றது.
நிறம் உள்ளே இறங்க
வரைந்த இடமெல்லாம் பள்ளம்.
எல்லோரும் ஐயோ என்றார்கள்.
எனக்குத் தோன்றவில்லை.
காய்ந்ததும் தூக்கி
அந்தப் பள்ளத்தை இடது காதில் வைத்துப் பார்த்தேன்.
என்ன கேட்டது என்று
வினிதாவும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பாசித் துணி நனைந்து பதினேழு நாளாகிறது.
ஜூன் பதினைந்து. ஐஸ் கம்பெனி மறுபடி உறுமுகிறது.
பதினொரு பேர் கிடந்த தரையில்
பாளங்கள் சறுக்கிப் போகின்றன.
என் வீட்டுக்காரர்
அது படம் என்று தெரியாமல்
நண்டுப் பெட்டிக்கு மூடியாக்கிவிட்டார்.
ஏலக்கூடத்தில் பார்த்தேன்:
ஐஸ் உருகிய தண்ணீர்
ஒரு படகின் வடிவத்தில் தேங்கி
யாராவது பெட்டியை நகர்த்தும்போதெல்லாம்
நடுங்கியது.