நூறிலிருந்து ஏழு ஏழாக

பட்டர்வொர்த்தில் அறை, ஜார்ஜ்டவுனில் வேலை.
நடுவே ஒரு கடல்.
ஃபெர்ரி அதைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறது.
எனக்குப் போதவில்லை.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள்.
பிறரிடம் கேட்கப் பழகிய கேள்வியை
கம்பியில் சாய்ந்தபடி என்னிடமே கேட்டுக்கொள்வேன்.
தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.
எழுபத்தொன்பதில் தூரத்துப் பாலம் தெரியும்.
எழுபத்திரண்டில்
மூன்றாம் மாத வாடகை.

இன்று என்ன கிழமை? தெரியும்.
இது எந்த ஊர்?
அம்மாவுக்கு மலேசியா.
குடிநுழைவு அதிகாரிக்குப் பினாங்கு.
வீட்டுக்காரர் திரு. கூய்க்கு
மூன்றாம் மாடி, கருவாடு வறுக்காதவரை நல்ல பெண்.

ஐந்தாண்டுகள் பெங்களூரில்
துயரத்தை ஆங்கிலத்தில் படித்தேன்.
அங்கே அது வரிசையில் நின்றது.
ஒன்பது அறிகுறி, இரண்டு வாரம்,
ஐந்து இருந்தால் போதும்.

பதிவு எண் வரும்வரை
டாக்டர் லிம் சுவீ ஹூன் பக்கத்தில்
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.
கேட்கலாம், கேள்வி கேட்கக் கூடாது.
தமிழ் வந்தால் மட்டும் என் பக்கம் திரும்புவார்,
மழை வந்ததும் குடையைத் தேடுகிறவர் போல.

தவமலர், முப்பத்து நான்கு.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.
உருப்பெருக்கியின் கீழே சில்லுகளைப் பார்த்துப் பார்த்து
பகலில் கண்ணை மூடினாலும் பச்சைக் கோடுகள்.
"பசியாறியாச்சா டாக்டர்?" என்றாள் முதலில்.
காலைச் சாப்பாட்டைக் கேட்கிறாள் என்று விளங்குவதற்குள்
நான் டாக்டர் இல்லை, எனக்குப் பசியில்லை
என்று இரண்டையும் சொல்லிவிட்டிருந்தேன்.

அப்புறம்தான் பேசினாள்.
தமிழ்தான்.
காடியை சடக்கோரம் நிறுத்தினாளாம்.
(கார். சாலை. நான் ஒரு வாக்கியம் பின்தங்கி ஓடினேன்.)
அழவில்லையாம்.
வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததாம்.
மழையே இல்லை.
"சாக்கிட் ஹாத்தி" என்றாள்.

டாக்டர் லிம் தலையசைத்து எழுதிக்கொண்டார்.
அந்த அறையில் முதல் தடவையாக
மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது எனக்கு மட்டும்.
சாக்கிட், நோவு. அது தெரியும்.
ஹாத்தி என்ற சொல்லை
முந்தின நாள் சந்தையில் வாசித்திருந்தேன்,
கோழி ஈரல் தட்டின் மேல்,
கிலோ எட்டு வெள்ளி.

ஈரல் நோகிறதா?
பாடப்புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை.
ஆனால் அப்பாவின் பைக்கை லாரி உரசிய ராத்திரி
அம்மா போனில் சொன்னது
ஈரக்குலையே நடுங்கிப்போச்சுடி.
அதையும் நான் எந்தத் தேர்விலும் எழுதியதில்லை.

விதியை மீறினேன்.
"ஈரக்குலை நடுங்குற மாதிரியா, தவமலர்?"

என்னை முதல் முறையாகப் பார்த்தாள்.
"நடுங்கல.
நடுங்குனாத் தேவல."

இப்போது டாக்டர் லிம் காத்திருந்தார்.
சொன்னேன்.
ஆங்கிலத்தில் அது சின்னதாகத்தான் வந்தது.
அவர் அதற்கு மேல் கேட்கவில்லை,
தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

திரும்பும் ஃபெர்ரியில்
அறுபத்தைந்தோடு நின்றுவிட்டது.
அடுத்தது எதுவென்று தெரியும்.
போகவில்லை.

சாப்டியா, என்று அம்மா.
பசியாறிட்டேன் என்று அடித்தேன்,
அழித்துவிட்டு
சாப்பிட்டேன் என்று அனுப்பினேன்.
இரண்டுமே பொய்தான்.