பேட்ஜில் பாதிப் பெயர்

ஃபஹாஹீலில் ஆகஸ்ட். வெளியே நாற்பத்தொன்பது.
கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்
கம்பளிக் காலுறைகளுக்கு ஜோடி தேடுகிறேன்.

துருவத்துக்குப் போகிறவர்கள்
முதலில் என்னிடம்தான் வருவார்கள்.
மூன்று அடுக்கு, என்பேன்.
பருத்தி மட்டும் வேண்டாம் மேடம்,
வியர்வை உறைந்தால் ஆபத்து.
சொல்லும்போது என் பருத்திச் சட்டை
பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்துவந்த ஈரத்தில்
முதுகோடு ஒட்டியிருக்கும்.

அங்கே என்ன வாங்கலாம் என்றும் கேட்பார்கள்.
போய் வந்தவர்கள் சொன்னதைப்
போகிறவர்களுக்குச் சொல்வேன்:
கலைமான் தோல் வேண்டாம், பெட்டியெல்லாம் முடி.
கொம்புப் பிடி போட்ட கத்தி நல்லது,
கைப்பையில் வைத்துவிடாதீர்கள்.
சதுப்பில் பழுக்கும் மஞ்சள் பழத்தின் ஜாம்
ஒரு பாட்டில் போதும், விலை அப்படி.
ஜனவரியில் போனால்
இரண்டு மாதம் காணாமல்போன சூரியன்
மலை விளிம்பில் தலைகாட்டும் நாள்வரை இருங்கள்.
பிள்ளைகள் ஜாம் வைத்த ரொட்டி உருண்டை தின்று
அதைப் பார்த்துக் கத்துவார்களாம்.

"சூரியனுக்கா விருந்து?" என்று
போன டிசம்பரில் உம் தலால் சிரித்தார்.
"எங்கள் மொட்டைமாடியில் நிறைய இருக்கிறது,
எடுத்துப் போகச் சொல்."

இன்று அவரே வந்தார்.
சமையல்காரி தொட மறுத்து
ஏழு மாதம் ஃப்ரீஸரில் கிடந்த பொட்டலம்.
"நீங்கள் தின்பீர்களாமே."
முழ நீளம், விறகுக் கனம்.
வெயில் படாமல், உப்புத் தொடாமல்
குளிர்காற்றிலேயே காய்ந்த மீன்.

ஆகஸ்ட் ஐந்து.
தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா.
அவள் பெயர்தான் எனக்கு, பனிமயராஜ்.
பேட்ஜில் இடம் பற்றாமல்
கம்பெனி பனியை வெட்டிவிட்டு
'ராஜ்' மட்டும் வைத்துக்கொண்டது.

ஒரு வாரம் ஊறவேண்டும் என்றிருந்தது உறையில்.
ரோமால்டுக்குப் பொறுமை ஏது?
ஏசி மெக்கானிக்கின் சுத்தியலை வாங்கி
நடு அறையில் வைத்து அடித்தான்.
நார்நாராக வந்தது.
வரமிளகாய், பூண்டு, தேங்காயெண்ணெய்.
அப்புறம் உப்பு.
கருவாட்டுக்கு உப்புப் போட்ட முதல் பரதவர்
நாங்களாகத்தான் இருக்கும்.

திருவிழா என்பதால் ஏசி பதினாறில்.
வாடைக்குக் கதவைத் தட்டிய எகிப்துக்கார வாட்ச்மேன்
திட்ட ஆரம்பித்து,
பாதியில் நிறுத்தி,
செருப்பைக் கழற்றினார்.

நாளைக்கு யாராவது கேட்டால்
மீன் வாங்குங்கள் என்பேன்.
கூடவே ஒரு சுத்தியலும்.
அங்கே ராத்திரி எப்படி இருக்கும் என்று கேட்டால்
கையைக் காட்டுங்கள் மேடம், என்பேன்,
கையுறை அளவு பார்க்கணும்.