அலை உடையாத இடம்

கீரிப்பாறை எஸ்டேட் பங்களா ஏலத்தில்
தையல் மெஷினோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்களாம்.
நெத்தலிக் கருவாட்டு அட்டைக்குள்
கைலியில் சுற்றிக் கொண்டுவந்தான் வறுவேல்.
"மணலாலைல லென்ஸ் இருக்குல்லா,
புள்ளி புள்ளியா கெடக்கு,
அழுக்கா என்னன்னு பாரேன் மக்கா."

துணியின் பின்புறம் வருஷம் மட்டும் மிச்சம்: 1787.
பெயர் இருந்த மூலையைச் செல் அரித்திருந்தது.

கடியப்பட்டணம் ஆற்றுவாய். அப்பால் முட்டம் பாறைகள்,
விளக்கு வராத காலத்து இருட்டோடு.
இடது ஓரத்தில் ஒரு பெரிய மரம்,
பாதி திறந்த கதவு மாதிரி.
அப்படியொரு மரம் இந்தக் கரையில்
அன்றும் இல்லை, இன்றும் இல்லை.
சொந்த ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்திருப்பான்.

அறைக்குள் உட்கார்ந்து தீட்டியது என்றே
எழுதிக் கொடுக்க இருந்தேன்.
பத்து மடங்கில் பார்த்தேன். பிறகு நாற்பதில்.

கரையோரப் பழுப்பில், எண்ணெய் ஈரத்தில் விழுந்து
எழுந்துபோக முடியாமல் ஆனவை:
கறுப்பு, இல்மனைட்.
தேன் நிறம், மோனசைட்.
ஒரே ஒரு சிவப்புக் கார்னெட்,
தினமும் என் டிபன் டப்பா மூடியில் ஒட்டுகிறதே, அதேதான்.
மணலுக்கென்று அவன் எத்தனை நிறம் குழைத்தானோ,
ஆனிக் காற்றில்
மணல் தானே வந்து உட்கார்ந்துகொண்டது.

"வருஷம் சரிதானா?" என்றான் வறுவேல்.
கருவியை வைத்தேன். லேசாக முணுமுணுத்தது.
இதுகளிடம் வயது கேட்டால் கோடியில்தான் பேசும்.
இருநூற்றுச் சொச்சம்
அதன் கல்லாவில் சில்லறைகூட இல்லை.

அப்புறம்தான் அந்த நுரை.
நடுக்கடலில், கட்டுமரத்தை ஒட்டி
வெள்ளை அப்பிய ஓர் அலை.
"அங்க அலை உடையாது. ஆழம்.
பதினாலு வயசுல அப்பாகூட வலை விட்ட எடம்.
இவனுக்கு என்ன தெரியும்."

விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
வெள்ளைக்கு அடியில் வளைவு வளைவாய்க் கோடுகள்.
ஒரு பெருவிரல்.
காய்ப்பேறி, குறுக்கே கயிறு அறுத்த தழும்போடு.
விளிம்பில், வெளிச்சம் பட்டதும் முழித்த
ஒரு மீன் செதில்.

யாரோ கரையேறி வந்து
அவன் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.
தன் மரம் அங்கே மிதப்பதைக் கண்டு
ஈரமென்று தெரியாமல்
தொட்டுவிட்டார்.
அவன் கத்தினானோ, சிரித்தானோ.
தடத்தை வழித்தெடுக்காமல்
மேலே ஓர் அலையைப் போட்டு மூடியது மட்டும் தெரிகிறது.

வறுவேல் தன் பெருவிரலைக் கொண்டுவந்தான்.
தொடாதே என்றேன்.
தொடவில்லை.
ஒரு நூல் உயரத்தில் நிறுத்தி
அளவு பார்த்துக்கொண்டே நின்றான்.

அறிக்கையில் எழுதியது:
அழுக்கு அல்ல. மணல், ஏழு மணி.
செதில், ஒன்று.
என்ன மீன் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.
சாளை என்கிறான் வறுவேல்.
சாளைக்கு ஏது இத்தனை பெரிய செதில் என்று
கேன்டீன் பிரிஜித்
இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.