நனையாத மருந்து

ராசாவை நாங்கள் பார்த்தது
கோட்டை மண்டபத்துப் படத்தில்தான்.
கழுத்தைச் சுற்றி இடியப்பத் தட்டுப்போல ஒரு சுருக்குத் துணி.
கடலுக்கு அப்பால் இருக்கிறவனை
எப்படிக் கொல்வது?
அவன் பிறந்தநாள் பூசைக்குக்
கப்பித்தான்மார் கூடும்போது
கீழறை வெடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பலகாமத்து நெல்தோணியில்
கருவாட்டுக்கு அடியில் வந்தது மருந்து.
காவலன் மூக்கைப் பொத்திக்கொண்டு
போ போ என்றான்.

நான் கொத்தன்.
கோயிலை இடித்த கல்லில்
கோட்டை கட்டிக் கூலி வாங்கியவன்.
ஆடும் பெண்ணொருத்தியைத் தலைகீழாய் நிறுத்திச்
சாந்து பூசியது இந்தக் கை.
அவள் பாதத்துக்குப் பக்கத்துக் கல்லை மட்டும்
பூசாமல் விட்டிருந்தேன்,
வழிக்கு.

கொண்டல் மழைக்குப் பயந்து
அம்பலவி மெழுகுசீலை சுற்றினான்.
மருந்து நனையவில்லை.

வீரகத்திதான்.
தலையில் தண்ணீர் ஊற்றிப்
பாவிலு என்று பேர் வைத்த அன்று
எங்களோடு நின்று காறித் துப்பியவன்.
பிள்ளை செத்த மாசம்
பலகைக்குப் பின்னால் ஒருத்தர்
குறுக்கே பேசாமல் கேட்டாராம்.
பிறகு சனிதோறும் போனான்.
பொய் சொல்ல வராமல் போயிற்று அவனுக்கு.
கேட்டவர் வெளியே சொல்லக் கூடாதாம்.
சொன்னார்.

அம்பலவியை மலை விளிம்பில் தள்ளினார்கள்.
விழுந்த சத்தம் கேட்கவில்லை,
அன்று அலை பெரிசு.

எத்தனை பேர் என்றதற்கு
வீரகத்தி ஒருவனைக் குறைத்துச் சொல்லியிருக்கிறான்.
ஒரு பொய் மிச்சம் இருந்திருக்கிறது அவனிடம்.

மறுநாள் கப்பித்தான் என்னைக் கூப்பிட்டு
அந்தக் கல்லைக் காட்டினான்.
பூசினேன்.