எத்தனை கோணம்

பிப்ரவரிக் கடைசி, தெற்கு டக்கோட்டா.
மார்லிஸ் ஹூக்ஸ்ட்ராவின் கழுத்து
இடப்பக்கம் திரும்ப மறுத்து இன்று ஒன்பதாம் நாள்.

வழக்குப் போட ஆளில்லை.
பனியில் வழுக்கிய வண்டி அவளுடையது
மோதிய தபால்பெட்டிக் கம்பமும் அவளுடையது.
மறுநாள் காலை தலையணையிலிருந்து தலையை
இரண்டு கையாலும் எடுக்க வேண்டியிருந்தது
இரவல் வாங்கிய பாத்திரத்தை எடுப்பதுபோல.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
கண்ணாடி பார்க்க முடியாதவளுக்குச் சாவி கிடையாது,
படம் எடுத்து வா என்றார்கள்.

காப்பீடு இருக்கிறது.
முதல் ஆறாயிரம் டாலர் உன்னுடையது
அதற்குப் பிறகு நாங்கள் இருக்கிறோம்
என்கிற காப்பீடு.

விதைப் பட்டியல் வந்த உறையைத் திருப்பி வைத்துக்கொண்டு
பெரிய மருத்துவமனையைக் கூப்பிட்டாள்.
பதினெட்டு நிமிடம் பியானோ.
பிறகு ஒரு குரல்:
"எத்தனை கோணம்?"
"ஒரு கழுத்துக்கு எத்தனை இருக்கும்?"
"இரண்டு, மூன்று, ஐந்து. டாக்டர் எழுதியிருப்பாரே."
சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது:
கழுத்து.

மூன்று என்று வைத்துக்கொண்டால் எழுநூற்று நாற்பத்திரண்டு.
"காப்பீடு இருப்பதைச் சொல்லாமல் வந்தால்?"
விசைப்பலகை கொஞ்ச நேரம் மழை பெய்தது.
"முந்நூற்று எண்பத்தொன்பது.
மதிப்பீடுதான், வாக்குறுதி இல்லை."
மறுநாள் அதே எண், வேறு குரல்: அறுநூற்றுப் பத்து.
அதே கழுத்து.

கடைத்தெரு கிளினிக்கில் இருநூற்றுப் பத்து.
முதுகு நீவுகிறவரிடம் நாற்பத்தைந்துதான்,
ஆனால் பன்னிரண்டு முறை வருவதாகக்
கையெழுத்துப் போட வேண்டும்.
எழுபது மைல் தள்ளி ஒரு படக்கூடம்,
கையில் காசு என்றால் எண்பத்தெட்டு.

உறையின் மறுபக்கம் தக்காளி.
படத்துக்குக் கீழேயே விலை அச்சிட்டிருந்தது
மூன்று டாலர் ஐம்பது.
அதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி ஓட்ட ட்வெய்ன் ட்வெட் வந்தான்.
பெட்ரோல் இருபத்திரண்டு.
அவனுக்கு சூப்பும் பையும் பதினாறு,
அவன் வேண்டாம் என்றதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
இடப்பக்க வயல்களை அவன்தான் சொல்லிக்கொண்டு வந்தான்:
மான் நாலு. பழைய டிராக்டர். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

படமெடுக்கிற பெண் இஃப்ரா, பச்சை முக்காடு,
கை சூடாக இருந்ததற்கு மார்லிஸ் நன்றி சொன்னாள்.
"தாடையைத் தூக்கி, கழுத்தை நீட்டுங்க."
இரண்டு முறை நீட்டியிருக்கிறாள்,
முதல் ஆள் டென்வருக்குப் போனான்
இரண்டாம் ஆள் மண்ணுக்குப் போனான்.
அதைச் சொல்ல வந்தபோது
"மூச்சைப் பிடிங்க" என்றாள் இஃப்ரா.

கணினியில் ஏழு எலும்பு.
சாம்பல் நிறம், அடுக்கிவைத்த தேநீர்க் கோப்பைகள் மாதிரி.
"உடைஞ்சிருக்கா?"
"நான் எடுக்கிறவள். படிக்கிறவர் வேறே."

படிக்கிறவர் அரிசோனாவில் இருந்தார்.
மூன்று வாரம் கழித்து அவருடைய பில் வந்தது
தனியாக, தன் சொந்த உறையில்,
அறுபத்தோரு டாலர்.
முறிவு இல்லை. லேசான தேய்மானம். வயதுக்கு ஏற்றது.
எண்ணிப் பார்த்தாள், ஆறு சொல்.
சொல்லுக்குப் பத்து டாலரும் சில்லறையும்.
அவள் முகத்தைப் பார்க்காத ஒருத்தர்
வயதைச் சரியாகச் சொல்லியிருந்தார்.

விலை விசாரித்து முடித்த களைப்பிலோ என்னவோ
கழுத்து அதற்குள் தானாகவே
பாதி திரும்ப ஆரம்பித்திருந்தது.
கூட்டிப் பார்த்தாள். நூற்று எண்பத்தேழு.
பென்சிலை வைத்தாள். மறுபடி எடுத்தாள்,
கம்பம், என்று எழுதி
பக்கத்தில் இடம் விட்டாள்.

ஏப்ரலில் ட்வெய்னுக்குத் தோள்பட்டை பிசகியது.
"எத்தனை கோணம்னு முதல்ல கேளு,
படிக்கிறது யாருன்னு அப்புறம் கேளு,
காப்பீடு இருக்கான்னு அவங்க கேட்டா
உடனே பதில் சொல்லிடாதே."
சொல்லிக்கொண்டே இடப்பக்கம் திரும்பினாள்.

தபால்பெட்டி இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது,
வாய் திறந்து,
உள்ளே எதையோ வைத்துக்கொண்டு.