சாவி கேட்ட கஜபதிக்கு

சாவியைக் கேட்கிறாய், தருகிறேன்.
கொஞ்சம் உட்கார். தண்ணீர் குடி.

ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு
வெளியிலிருந்து திறக்காது.
இந்தப் பக்கம் ஏறி
கியரைத் தாண்டி நகர வேண்டும்.
புடவை கட்டிக்கொண்டு நானே செய்கிறேன்,
உனக்கென்ன.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்து ஜென்.
பேரணாம்பட்டுத் தோல்மண்டிக் கணக்கர்
நஸீர் பாஷாவிடம் மாசியில் வாங்கினேன்.
ஒரு குறையும் சொல்லவில்லை அவர்.
"பழகிக்கணும்மா" என்றார்.
பணத்தை எண்ணி முடித்த பிறகு
இன்னொரு தரமும் சொன்னார்.

முன்பெட்டிக்குள் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு.
மறந்துவிட்டார் என்று போன் செய்தேன்.
"அங்கயே இருக்கட்டும்,
அது இல்லன்னா பெட்டி மூடாது."
எடுத்துப் பார்த்தேன்.
மூடவில்லை.

பெட்ரோல் முள் பாதியில் நிற்கும், எப்போதும்.
நம்பாதே.
நம்பித்தான் ஒருநாள்
காட்பாடி மேம்பாலத்தின் உச்சியில் நின்றேன்,
கீழே ஒரு கூட்ஸ் வண்டி
முதுகுக்குப் பின்னால் பாதி ஊர்.
இப்போது கிலோமீட்டரை நோட்டில் எழுதுகிறேன்,
லேபில் சர்க்கரை அளவு எழுதுகிற
அதே கையெழுத்தில்.

ஏசி என்று ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் உள்விளக்கு எரியும்.

ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்தால்
ஹார்ன் தானாக அடிக்கும்.
கிரீன் சர்க்கிள் போலீஸ்காரர்
முதல் வாரம் முறைத்தார்.
இப்போது சத்தம் கேட்டதும்
திரும்பாமலே கையை நீட்டி வழிவிடுகிறார்.
மற்ற நேரத்தில் நீ அழுத்தினாலும் அடிக்காது.
யாரையாவது எச்சரிக்க வேண்டுமென்றால்
இடப்பக்கமாகப் போய்க்கொள்.

இனி சொல்வதுதான் முக்கியம். சிரிக்காதே.
சூட்டு முள் சிவப்பை நெருங்கினால்
ஹீட்டரைப் போட வேண்டும்.
ஆமாம், ஹீட்டர்.
ஆமாம், வேலூரில்தான்.
எஞ்சினின் சூட்டில் கொஞ்சம்
நாம் வாங்கிக்கொண்டால் அது கொதிக்காதாம்.
ஓட்டேரி லூர்து சொல்லிக்கொடுத்தது.
"ரேடியேட்டரையே மாத்திடலாமே" என்றேன்.
"இன்னாத்துக்குக்கா, நல்லாத்தான கீது"
என்று ஸ்பானரைத் துடைத்து வைத்தார்.

அக்னி நட்சத்திரம் ஏழாம் நாள்
சத்துவாச்சாரியிலிருந்து பாகாயம் வரை
முழங்கால் இரண்டும் வேக
ஹீட்டர் போட்டு ஓட்டினேன்.
சிக்னலில் பக்கத்துக் காரின் குளிர்ந்த கண்ணாடியில்
ஒரு குழந்தை மூக்கை அழுத்தி என்னைப் பார்த்தது.
கையசைத்தேன். வேறென்ன செய்ய.
வண்டி கொதிக்கவில்லை.

அன்று ராத்திரி உன் அண்ணன்,
ஷூ கம்பெனி மூடியதிலிருந்து இருக்கிறாரே அப்படி,
குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார்.
நான் பேசவில்லை.
மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து
வந்த சூட்டை வாங்கிக்கொண்டேன்.
கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்துபோய்
உப்பு டப்பாவை எடுத்து வந்தார்.

தினமும் இல்லை, கஜபதி.
ஹீட்டரை ஓயாமல் போட்டால்
அதுவும் ஒருநாள் போய்விடும்.
இதையும் லூர்துதான் சொன்னார்.
உன் அண்ணனிடம் நீயும் ஒருதரம் சொல்.

வைப்பர் பற்றிச் சொல்லவில்லையே.
விடு, மழை வரட்டும்.

ரிவர்ஸ் விழாது.
முதலில் மூன்றாவதைத் தொட்டுவிட்டு
மூச்சை விட்டுவிட்டு
பிறகு இழு.
மூச்சு விடாமல் இழுத்தும் பார்த்திருக்கிறேன்,
விழவில்லை. காரணம் கேட்காதே.

என்ன, போனை எடுத்து
பஸ் நேரம் பார்க்கிறாயா?

வள்ளிமலைக்குத்தானே.
நாளைக்கு எனக்கு நைட் டூட்டி,
பகலெல்லாம் சும்மாதான்.
நானே வருகிறேன்.
உன் பக்கத்துக் கண்ணாடி
குழியில் விழும்போதெல்லாம் இறங்கும்,
உள்ளங்கையால் தாங்கிப் பிடி.
மேல்பாடி தாண்டியதும்
ஒருமாதிரி முனகும்.
அப்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதே,
நான் அதைக் கேட்க வேண்டும்.

காலையில் ஆறு மணி.
கதவருகே போய் நின்றுவிடாதே,
நான் ஏறி நகர்ந்த பிறகு
நீ ஏறு.